செவ்வாய்க்கிழமைகளில் அணைந்த திரை

1. கீமோ வார்டில் எல்சிடி திரை மாட்டிய பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை, காலையிலேயே திரை இருண்டது. போய்ப் பார்த்தால் பிளக் பிடுங்கிக் கிடந்தது.

2. அடுத்த செவ்வாயும் அதே. மற்ற நாட்களில் ஒரு குறையும் இல்லை.

3. பிளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, "தொடாதீர்கள்" என்று எழுதி வைத்தேன். அடுத்த செவ்வாய் டேப்பையும் கிழித்திருந்தார்கள்.

திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் பயோமெடிக்கல் இன்ஜினியராகச் சேர்ந்த புதிது. புற்றுநோயாளிகளுக்கு மருந்து ஏற்றுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை உண்டு. ரிசல்ட் வந்ததா என்று அவர்கள் லேபுக்கும் வார்டுக்கும் அலையக் கூடாது என்றுதான் அந்தத் திரை. பெயருக்கு எதிரே சிவப்பு இருந்தால் ரிசல்ட் வரவில்லை. பச்சை வந்தால் மருந்து ஏற்றலாம்.

என் சந்தேகம் ஸ்டெல்லா சிஸ்டர் மேல். "ஏன் லேட்டுன்னு எங்களக் கேக்கத்தானே இந்தப் பொட்டிய மாட்டியிருக்கீங்க?" என்று முதல் நாளே கேட்டவர். செவ்வாய் அவருக்குத்தான் டூட்டி. வேறு ஆளைத் தேட வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

மறு செவ்வாய் மருந்து ரூம் கதவோரம் நின்று பார்த்தேன். சிஸ்டர் அந்தப் பக்கமே வரவில்லை. வந்தவர் பழனிச்சாமி. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. மார்பகப் புற்றுநோய்க்காக செவ்வாய்தோறும் மருந்து ஏற்ற வரும் தங்கமணியின் கணவர்.

"ஏனுங்கண்ணா, எதுக்கு இதப் பிடுங்குறீங்க?"

பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். "எங்கிட்ட மறைக்காதீங்க அம்மணி. கம்பெனியில செகப்பு ஸ்டிக்கர் ஒட்டுனா ஆகாத பீஸுங்க, பொட்டிக்குள்ள போகாதுங்க. என்ற சம்சாரம் செக்கிங் வேலைக்காரி. அவ பேருக்கு நேரா செகப்பப் பாத்தா அப்பவே மனச உட்டுருவா. வாராவாரம் செகப்புதான் வருது, இன்னிக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயர்றனுங்க. ஆகாதுன்னு ஆனப்பறம் எதுக்கு ஊசி குத்தி வதைக்கோணும்?"

துணிப்பையைக்கூடக் கட்டி வைத்திருந்தார்.

சிவப்புக்கு அர்த்தம் சொல்லி, பிளக்கை வாங்கி மாட்டினேன். திரை மறுபடி ஒளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ரிசல்ட் வந்து, தங்கமணி பெயர் பச்சையானது. பழனிச்சாமி முகம் தெளியவில்லை.

"என்னைச் சமாதானம் பண்ண நீங்களே மாத்திட்டீங்களாக்கும். கலர் மாத்தறது உங்க கையிலதானுங்களே இருக்குது?"

அது உண்மைதான்.

பதில் சொன்னது படுக்கையில் இருந்த தங்கமணி. "ஏனுங்க, நான் மொத நாளே பாத்துட்டனுங்க. செகப்பு ஸ்டிக்கர் ஒட்டறதே நானுங்க. ஒட்டுனதெல்லாம் குப்பைக்கா போகுது? டெய்லர்கிட்ட ஆல்ட்ரேசனுக்குப் போகுது, சரியாகித் திரும்பி வருது. பேக்கிங்கில உக்காந்துட்டு அட்டைப்பொட்டியக் கட்டற உங்களுக்கு அது எங்க தெரியும்? மொதல்ல பையை அவுத்து வைங்க."

சொல்லிவிட்டு ஸ்டெல்லா சிஸ்டரிடம் கையை நீட்டினார். மருந்து ஏறியது.

திரையில் ஒரு நிறம் வைப்பதற்கு முன், பார்க்கப் போகிறவர்கள் தங்கள் வேலையிடத்தில் அந்த நிறத்தை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். நான் கற்றது இது.

இப்போது அந்தத் திரையில் சிவப்பு கிடையாது. "ரிசல்ட் வரவில்லை, காத்திருக்கவும்" என்று தமிழில் வருகிறது. தங்கமணி மருந்தெல்லாம் முடிந்து செக்கப்புக்கு மட்டும் வருகிறார். பழனிச்சாமி பிளக்கைத் தொடுவதில்லை. ஆனால் திரையைப் பார்த்த பிறகும், லேபுக்குப் போய் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்.