போய்ச் சேராத சனிக்கிழமைகள்

என் கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் ஃபிட்டர். துறைமுகத்தில் நிற்கும்போது மட்டும் போன் பேசுவார். நடுக்கடலில் அவருக்கு மெயில்தான். அதையும் கப்பல் காலையும் மாலையும் இரண்டு வேளைதான் இறக்கிக்கொள்ளும். ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் வாங்கி விற்கும் சங்கத்தில் நான் எழுத்தர். வீட்டில் சிக்னல் இல்லாததால் சனிக்கிழமை மதியம் அலுவலகக் கணினியிலேயே அவருக்கு எழுதுவேன். முதலில் மழை, பிறகு மாடு, வீடு, உடம்பு. இருபத்தொரு வருடமாக இதே வரிசை.

ஒரு சனிக்கிழமை மட்டும் கடைசியில் இரண்டு வரி கூட எழுதினேன். "இந்த முறை ஒப்பந்தம் முடியும்போது அடுத்ததற்குக் கையெழுத்துப் போட வேண்டாம். வந்துவிடுங்கள்." இத்தனை வருடத்தில் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பதில் வரவில்லை. அவர் எப்போதும் என் கடிதத்துக்குப் பதிலாக மட்டுமே எழுதுகிறவர். அடுத்த இரண்டு வாரமும் வழக்கம்போல் எழுதினேன். நான்காவது வாரம் மழை, மாடு எல்லாம் எழுதிவிட்டு, "போக வேண்டும் என்று தோன்றினால் போய்வாருங்கள், நாங்கள் சமாளித்துக்கொள்வோம்" என்று முடித்தேன். கோபத்தில் எழுதியது. ஐந்தாவது வாரம் கடிதம் நான்கு வரிதான்.

அதற்கடுத்த திங்கள் காலை அவரிடமிருந்து மெயில். "ஒரு மாசமா லெட்டர் இல்ல. வூட்ல எல்லாரும் நல்லாத்தான கீறீங்க? இன்னும் எட்டு மாசத்துக்குக் கையெழுத்துப் போடறதா வேணாமான்னு மாசக் கடைசிக்குள்ள கேப்டன்கிட்ட முடிவு சொல்லணும்."

அனுப்பிய மெயில்களின் பட்டியலைத் திறந்தேன். ஐந்தும் இருந்தன. எதுவும் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை. திருப்பத்தூரிலிருந்து எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்குப் போன் செய்தேன்.

"மேடம், உங்க மெயில் வெளியவே போகல. நம்ம சர்வர்லயே ஸ்பேம்னு நிறுத்தி வெச்சிருக்கு."

"குப்பை மெயிலா? நான் என்ன லாட்டரியா விக்கறேன்?"

"லாட்டரிக்காரன்கூட மாத்தி மாத்தி எழுதறான் மேடம். நீங்க மழை, மாடு, வூடுன்னு ஒரே மாதிரி எழுதறீங்க. அதுவா கத்துக்கல, யாரோ கத்துக் குடுத்துக்கீறாங்க. ஆபீஸ் பொது மெயில்ல வர்ற உங்க காப்பிய வாராவாரம் ஸ்பேம்னு அழுத்திக்கீறாங்க. இந்த எழுத்து வந்தா குப்பைன்னு மெஷின் நம்பிடுச்சு. தேங்கினதெல்லாம் இப்பவே விட்டுடறேன். இனிமே நிறுத்தாது."

காப்பி அனுப்புவது என் பழக்கம். பொது மெயிலுக்கு ஒன்று போகும், பிரிண்டர் பக்கத்தில் இருக்கும் பெண் அதைப் பிரிண்ட் எடுத்து என் கோப்பில் வைப்பாள். அவள் மலைமேல் ஊர்க்காரி, பொங்கலுக்குப் பிறகு வேலையில் சேர்ந்தவள். அவளிடம் கேட்டேன். 

"இன்னாக்கா இது, வூட்டுக்காரருக்கு எழுதற லெட்டரு. நாலு பேரு பாக்கற பொட்டில கெடக்கலாமா? பிரிண்ட் எடுக்கசொல்லோகூட கண்ண அந்தாண்ட திருப்பிக்குவேன். அழிச்சா குப்பத்தொட்டில நிக்குது, செயலாளர் சார் அத்தயும் கிளறுவாரு. ஸ்பேம்னு ஒண்ணு இருந்துச்சு, அத்த யாரும் தொறக்கறதே இல்ல. பத்தரமா இருக்கட்டும்னு அதுல போட்டேன்."

"ஒரு மாசமா காப்பி வரலியே, சொல்லக் கூடாதா?"

"ரெண்டு பேருக்கும் சண்டைன்னு நெனச்சேங்கா. அத்தப் போய் எப்பிடிக் கேக்கறது?"



மதியம் திருப்பத்தூர்த் தம்பி விடுவித்தவற்றின் தேதிகளை அனுப்பினான். நான் அனுப்பிய பட்டியலோடு ஒப்பிட்டேன். நான்கு தேதிதான் இருந்தது. முதல் கடிதத்தைக் காணோம். மறுபடி அழைத்தேன்.

"நாலு வாரம் தாண்டினா தானா அழிஞ்சிடும் மேடம். முதல் லெட்டர் போன சனிக்கிழமையே அழிஞ்சிருக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாருங்கள் என்ற கடிதம் இல்லாமல், போய்வாருங்கள் என்ற கடிதம் மட்டும் போயிருக்கிறது. பட்டியலிலிருந்து முதல் கடிதத்தை எடுத்து உடனே மறுபடி அனுப்பினேன். அதற்குள் கப்பல் காலை மெயிலை இறக்கியிருந்தது.

மறுநாள் அவர் பதில் வந்தது.

"நாலு லெட்டர் ஒண்ணா வந்துது. போய்வாங்கன்னு எழுதியிருந்த. சரி, உனக்கு அதான் சௌகரியம்போலன்னு மத்தியானம் கையெழுத்துப் போட்டுட்டேன். சாயந்திரம் வந்துடுங்கன்னு இந்த லெட்டர் வந்துது. கேப்டன்கிட்ட போய்க் கேட்டேன். கம்பெனி ஆபீசுக்குத் தகவல் போய்ட்டுது, எட்டு மாசம் மாத்த முடியாதுன்னுட்டாரு. இத்த மூணு வாட்டி படிச்சேன். இன்னும் பத்தொம்போது நாள்ல துறைமுகம். போன் பண்றேன். இதே வார்த்தைய உன் வாயால சொல்லு, எட்டு மாசத்துக்கும் வெச்சிக்கறேன்."

அலுவலகத்துக்குப் பின்னால் புளிய மரத்தடியில்தான் சிக்னல் நன்றாக எடுக்கும். சாப்பாட்டு இடைவேளையில் அங்கே போய், போனைக் காதில் வைத்துக்கொண்டு, "வந்துடுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். எழுதும்போது வராத நடுக்கம் குரலில் வந்தது. இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. மறுபடி ஒரு தடவை சொன்னேன்.