அந்த ஆராய்ச்சி சொல்லாதது

விவேக் நகரில் அவனை ரெமிஜியஸ் என்று கூப்பிட ஒருவரும் இல்லை. அது அவனே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கேத்தரின். சிவாஜி நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்தும் வேலை பார்த்தான். 2002-ல், இருபத்தாறு வயதில், தான் பெண்ணல்ல என்று அண்ணன் க்ளென்னிடம் சொன்னான். மனநல மருத்துவர் சிவசங்கரனிடம் ஒரு வருடமாகப் போய்வருவதையும், ஆணாக மாறும் ஆபரேஷனுக்கு வீட்டார் ஒருவரின் கையெழுத்தை ஆஸ்பத்திரியில் கேட்பதையும் சேர்த்தே சொன்னான்.

க்ளென் கத்தவில்லை. மறுவாரம் ஆபீஸ் இன்டர்நெட்டில் எடுத்த பிரிண்ட் அவுட்டோடு வந்தான்.

"படிச்சுப் பாரு கேத்தி. ஃபாரின்ல ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல தற்கொலைக்குப் போறவங்க மத்தவங்களைவிட ஜாஸ்தியாம். நானே கையெழுத்துப் போட்டு உன்னைச் சாகக் கொடுக்கணுமா?"

அன்றே ரெமிஜியஸின் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டான். குளியலறையில் கொஞ்சம் நேரமானாலும் அண்ணி சோஃபியா கதவைத் தட்டினாள். அவர்கள் பயந்தது நிஜம். அதனாலேயே அவனால் சண்டை போடவும் முடியவில்லை. சோர்ந்து உட்கார்ந்தால், "இப்பவே இப்படின்னா அப்புறம் என்ன ஆகும்?" என்றார்கள். டிவி பார்த்துச் சிரித்தால், "நல்லாத்தானே இருக்கே, எதுக்கு ஆபரேஷன்?" என்றார்கள். வீட்டில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் அண்ணனை டாக்டரிடம் அழைத்துப் போனான். அவர் க்ளென் நீட்டிய தாள்களைப் பொறுமையாகப் படித்தார்.

"யாரை யாரோட ஒப்பிட்டிருக்காங்க பாருங்க. ஆபரேஷன் ஆனவங்களை, இந்தக் கஷ்டமே இல்லாத ஜனங்களோட. ஆபரேஷன் கேட்டும் கிடைக்காதவங்களோட இல்ல. ஹார்ட் ஆபரேஷன் ஆனவங்களும்தான் மத்தவங்களைவிடச் சீக்கிரம் போறாங்க. ஆபரேஷன்தான் கொன்னுச்சுன்னு சொல்வீங்களா?"

க்ளென் தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டான். "அப்போ பண்ணிக்கிட்டா இவ நல்லாயிடுவான்னு இதுல இருக்கா சார்?"

"இதுல இல்ல. வேற ஆராய்ச்சிங்கள்ல, முக்கால்வாசிப் பேர் நிம்மதியா இருக்கோம்னுதான் சொல்லிருக்காங்க. ஆனா கொஞ்சம் பேரைத்தான் கேட்டிருக்காங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர்கிட்ட திரும்பி வராதவங்க எப்படி இருக்காங்கன்னு தெரியாது."

"கேரண்டி தருவீங்களா?"

"எந்த ஆபரேஷனுக்கும் தரமாட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெமிஜியஸுக்கு, இந்த மனுஷன் இன்று ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

"டாக்டரே தெரியாதுங்கறாரு," என்றான் க்ளென், பஸ் நிறுத்தத்தில்.

"நான் இப்படியே இருந்தா என்ன ஆவேன்னு நீ ஏன்ணா கேக்கல?"

பஸ் வந்தது. க்ளென் முதலில் ஏறினான்.

கையெழுத்து விழவில்லை. வெளியே போய்விடலாம் என்று ரெமிஜியஸ் ஆஸ்டின் டவுனில் அறை தேடினான். தனியாக வந்த பெண் என்று யாரும் கொடுக்கவில்லை. கடைக்குப் போனான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனான், அண்ணி தட்டும்போதெல்லாம் "இருக்கேன்" என்று குரல் கொடுத்தான். மாதம் ஒருமுறை மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போவதை விடவில்லை. அங்கேதான் அரைமணி நேரம் ரெமிஜியஸாக உட்கார முடிந்தது.

2005-ல் சிவசங்கரன் மைசூருக்கு மாற்றலாகிப் போனார். அந்த நாற்காலியில் இருந்த புது டாக்டர் அவனுடைய பழைய கேஸ் ஃபைலை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, "சொல்லும்மா, எப்போலேருந்து இப்படித் தோணுது?" என்றார்.

அவன் மறுபடியும் ஐந்து வயதிலிருந்து ஆரம்பித்தான்.