சுவரை ஒட்டி நின்ற பக்கம்

பழைய கார் அன்பர் வட்டத்தின் பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, பணிவான வணக்கம். பிரெஞ்சு வழக்கப்படி நாம் 'முசே' என்றே அழைத்த லூர்து ஐயா மறைந்து முப்பதாம் நாள் பூசையும் முடிந்த பிறகே இவ்வஞ்சலியை எழுதுகிறேன். இத்தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

செய்தியை நம் செயலாளர் தொலைபேசியில் சொன்னபோது நான் நம்பவில்லை. "யார் சொன்னது? நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டேன். "நீங்களும் முசே மாதிரியே கேக்குறீங்கக்கா" என்றார். அதன் பிறகுதான் நம்பினேன்.

எங்கள் முதல் சந்திப்பும் சந்தேகத்தில்தான் தொடங்கியது. கடற்கரைச் சாலையில் பழைய கார்களின் அணிவகுப்பு. நான் எவரிடமும் பாடம் கேட்டவள் அல்லள். பழைய விளம்பரத் தாள்களை அகராதியின் துணையோடு வாசித்து, ஒரு காரின் உடலமைப்பைப் படிக்க நானே கற்றுக்கொண்டவள். நடுவர் குழுவில் என்னைச் சேர்த்திருந்தார்கள். குழுவின் மூத்த நடுவரான முசே என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"உங்கள யார் அனுப்புனா மதாம்? எந்த வண்டிக்காரரு?"

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

"தானா வந்தவங்களத்தான் நான் மொதல்ல சந்தேகப்படுவேன்."

அன்று மாலைக்குள் நாங்கள் மூன்று முறை சண்டையிட்டுவிட்டோம். அமெரிக்கக் கார்களின் பின்புறம் துடுப்புப் போல எழும் இறக்கைகள் எனக்குப் பிடிக்கும். அவருக்கு ஆகாது. "காருக்கு எதுக்கு மதாம் மீன் வாலு? குருசுக்குப்பத்துல கொண்டுபோயி கூறு போடவா?" என்றார். "உங்க பிரெஞ்சு வண்டி மட்டும் என்னவாம்? மழைக்குக் குந்தியிருக்கிற தவளை மாதிரி இருக்குது" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் சோதிக்கும் முறையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். காரை ஒரு மஞ்சள் சுவருக்கு எதிரே நிறுத்தச் சொல்வார். சுவரின் நடுவே ஓடும் வெள்ளைப் பட்டை காரின் பக்கவாட்டில் தெரிய வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு, குனிந்து அந்தப் பிரதிபலிப்பை மட்டும் பார்ப்பார். தகடு அசலானால் வெள்ளைக்கோடு முன்னிருந்து பின்வரை வழுக்கிக்கொண்டு போகும். நசுங்கிய இடத்தைப் பட்டி என்னும் பசையால் நிரப்பி வண்ணம் அடித்திருந்தால், கோடு அங்கே நெளியும்.

தவளக்குப்பத்து மருத்துவர் ஒருவரின் கறுப்புக் காரில் அப்படி நெளிந்தது. "மழையில நின்ன வண்டி முசே, அதான்" என்றார் மருத்துவர்.

"மழ உங்க பின்கதவுல மட்டுமா பேஞ்சுது தொக்தர்?"

இதனால் அவரைக் குறை காண்பவர் என்று மட்டும் நினைத்தவர்கள் உண்டு. அது சரியன்று. பின்சக்கரத்தின் மேல் வளைந்து இறங்கும் ஒரு கோட்டை அவர் விரலால் தொடாமல், காற்றிலேயே வரைந்து காட்டுவார். "இந்தக் கோடு எங்க முடியுது சொல்லுங்க? தெரியல பாத்தீங்களா? அப்படி முடிக்கிறதுதான் வேல." அவர் சந்தேகப்பட்டதெல்லாம் அந்த அழகை எவரும் ஏமாற்றிப் பெறக் கூடாது என்பதற்காகவே.

அவருடைய தந்த நிறக் காரைக் 'கை படாத வண்டி' என்றே ஊர் முழுக்கச் சொன்னோம். தகட்டில் பழுதும் இல்லை, மறுபூச்சும் இல்லை என்று பொருள்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பின் வீட்டுக்குச் சென்றேன். பாரிசிலிருந்து வந்திருந்த மகன் ஜெரார் காரைக் கழுவி, வாசலில் திருப்பி நிறுத்தியிருந்தார். எதிர்ச்சுவரின் வெள்ளைப் பட்டை அதன் இடப்பக்கத்தில் தெரிந்தது. பின்சக்கரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்த கோடு, ஓட்டுநர் கதவில் நெளிந்தது.

கையிலிருந்த குடிநீரைக் கதவின் மேல் ஊற்றினேன். மறுபடியும் நெளிந்தது.

"என்னக்கா பண்றீங்க? வந்தவங்கல்லாம் பாக்குறாங்க."

"எப்ப பட்டி வெச்சீங்க?"

"நானா? அப்பா உயிரோட இருந்த வரைக்கும் சாவியக்கூட கண்ணுல காட்டலக்கா!"

முதலில் மகனைத்தான் சந்தேகித்தேன். சென்னையிலிருந்து ஒருவர் இவ்வண்டியை வாங்க வரவிருக்கிறார். கை படாத வண்டி என்று நான் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ஆனால் குனிந்து பார்த்தபோது பட்டியின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன. அவை பல கோடைகளைக் கண்ட வெடிப்புகள். முசேயின் மனைவியைக் கேட்டேன். "அந்தப் பக்கத்த நான் எங்கம்மா பாத்தேன்? எப்பவும் செவுத்த ஒட்டித்தானே நிப்பாட்டுவாரு" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. பிரெஞ்சு வண்டியாதலால் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அந்தப் பக்கத்தை அவர் எங்கு சென்றாலும் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, கதவைத் திறக்க இடமின்றி, அடுத்த இருக்கைக்கு நகர்ந்து வலப்பக்கமாக இறங்குவார். நாம் அதை ஒரு கிறுக்காக எண்ணிச் சிரித்தோம். "கதவ சும்மா தொறந்து மூடுனா கீலு தேஞ்சிடும்" என்பார். போட்டியிலும் தம் காரை ஒருமுறைகூட நிறுத்தியதில்லை. நடுவரின் நேர்மை என்று அதைப் பாராட்டினோம்.

எந்த வண்டியையும் நம்பாத மனிதர் தம் வண்டியின் ஒரு பக்கத்தை நம் அனைவரிடமிருந்தும் மறைத்தாரா? அல்லது, அழகு கெட்ட பக்கத்தை நாம் காண வேண்டாம் என்று நினைத்தாரா? 'கை படாத வண்டி' என்று நான் சொன்னபோதெல்லாம் அவர் கூறிய விடை ஒன்றே: "கண்ணு படாம இருந்தா சரி மதாம்." அதை ஆமோதிப்பாகவே நான் எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அதில் ஆம் என்ற சொல்லே இல்லை.

வாங்குபவருக்கு நான் தரும் கடிதத்தில் அந்தக் கதவைப் பற்றிய உண்மை இருக்கும். அதில் மாற்றமில்லை. ஜெராரிடமும் சொல்லிவிட்டேன், அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. முசேயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய சந்தேகத்தைத்தான். அவர் பெயருக்காக அதைத் தளர்த்தினால் அது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. ஆயினும் அக்கடிதத்தில், 'இதன் உரிமையாளர் ஒருபோதும் பொய் சொன்னதில்லை' என்று ஒரு வரி சேர்க்க விரும்புகிறேன். சேர்க்கலாமா என்பது எனக்குத் தெரியவில்லை.

முப்பதாம் நாளுக்கென எழுதி வைத்த அஞ்சலியை அனுப்பாமல் நிறுத்தியதும் இதனால்தான்; ஆகவே உங்களிடம் கேட்கிறேன். தம் கார் கை படாதது என்று லூர்து முசே தம் வாயால் சொல்லக் கேட்டவர் எவரேனும் உண்டா? பிறர் சொன்னது வேண்டாம். அவர் சொன்னது மட்டும். வாங்குபவர் வரும் ஞாயிறன்று வருகிறார். அதற்குள் பதில் எழுதுங்கள்.