நாளுக்கு ஐந்து அரிய ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது சுலபம். சொல்லிக் கொடுத்ததை மாணவர்கள் வெளியே கொண்டுபோய்ப் பேசும்போதுதான் தலைவலி. பதுளையில் ஒரு மாடியறையில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறேன். ‘நாளுக்கு ஐந்து அரிய சொற்கள்’ என்று விளம்பரம் போட்டவன் நானேதான். டியூஷன் எடுத்துத் தொண்டை வற்றியவர்களே, உங்களுக்காவது என் வயிற்றெரிச்சல் புரியட்டும்.

புடவைக்கடைப் பலகை

நகரில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹனிபா நானா என் மாணவர். ‘எக்ஸோர்பிடன்ட்’ என்றொரு சொல் நடத்தினேன். விலை அநியாயத்துக்கு அதிகம் என்று பொருள். மறுவாரம் அவர் கடை வாசலில் புதுப் பலகை: ‘எக்ஸோர்பிடன்ட் பிரைசஸ்!’ இரண்டு வெள்ளைக்காரர்கள் அதைப் படம் பிடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

பின்னாலேயே ஓடினேன். “நானா, அநியாய விலைன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. உடனே கழட்டுங்க!” அவர்களுக்கு இடுப்பில் கட்டும் சாரம் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: “கருத்து கெடக்கட்டும் சேர், போன மாசம் பூரா ஒரு வெள்ளக்காரனும் இந்தக் கடைக்குள்ள கால் வெக்கல!”

நேர்முகத் தேர்வு

ஹல்துமுல்லைத் தோட்டத்துப் பெண் சுதர்ஷினி, ஒரு ஹோட்டலில் வரவேற்பாளர் வேலைக்குப் போனாள். உன்னைப் பற்றிச் சொல் என்றதும், நான் கொடுத்த சொல்லை எடுத்துவிட்டாள்: “ஐ ஆம் லொகுவேஷியஸ்.” கலகலவென்று பேசுபவள் என்று அர்த்தம். எதிரே இருந்த மூன்று பேருக்கும் அது தெரியவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. என்னதான் கேட்டார்கள் என்றேன், அவள் முகத்தைப் பார்க்கக் கூசியபடி.

“எத்தன நாளா இருக்கு, மருந்து எடுக்குறியான்னு கேட்டாங்க சேர்.”

கூரைக்கு ஒரு கடிதம்

செல்வராணி மடுல்சீமையில் ஒரு தோட்டத்தின் புள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவர். தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனால் கைக்குழந்தைகள் அவர் பொறுப்பு. கூரை ஒழுகி, பிள்ளைகளை ஒரு மூலையில் ஒடுக்கிப் படுக்க வைத்திருந்தார். ஒரு குழந்தைக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. தோட்ட ஆபீஸுக்கு ஆங்கிலத்தில் எழுதித் தாருங்கள் என்று வந்தார். பாழடைந்தது என்று பொருள்படும் ‘டிலாபிடேட்டட்’ தொடங்கி அரிய சொற்களாகக் கோர்த்து ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் பதிலில்லை. மழையும் விடவில்லை. பொறுமை இழந்தவர் தானே எழுதினார்: ‘ரூஃப் லீக்கிங். சில்ட்ரன் வெட்.’ மூன்றாம் நாள் ஆட்கள் வந்து கூரையை மாற்றிவிட்டார்கள். என் கடிதம் என்ன ஆயிற்று என்று சற்று ரோஷத்தோடு கேட்டேன்.

“அத ஆபீஸ் கிளாக்கர் இன்னும் அகராதி வச்சு வாசிச்சுக்கிட்டு இருக்காரு சேர், என்னோடதுக்குத் தகரம் வந்துருச்சு.”

எல்லாச் சொல்லுக்கும் பொருள் போட்டிருக்கும் அகராதியில், எந்தச் சொல்லை யாரிடம் சொல்லக்கூடாது என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.