மூன்று கால் ஸ்ராண்டும் நத்தைகுத்தி நாரையும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்குப் பேனையைவிட உழவு இயந்திரத்தின் ஸ்ரியறிங் லேசு. ஆனால் நாரைகள் பறந்தது என் இயந்திரத்தின் சத்தத்தால்தான் என்று என் சிநேகிதன் கிளிநொச்சி முழுக்கச் சொல்லித் திரிகிறான்.

அவன் கலியாண வீடுகளில் படம் எடுப்பவன். பறவைப் படக் கண்காட்சி ஒன்றுக்கு அன்றிரவுக்குள் ஒரு படம் அனுப்ப வேண்டும். மாப்பிள்ளை பொம்பிளையை விட்டால் இவனுக்கு ஒன்றும் எடுக்கத் தெரியாது என்ற பெயரை மாற்றிவிட வேண்டுமென்று நின்றான். நீண்ட லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, தர்மபுரத்தில் நான் உழுதுகொண்டிருந்த வயலுக்கு வந்தான். அவன் தேடி வந்தது நத்தைகுத்தி நாரை. சொண்டை, அதுதான் அலகை, மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அதற்குள்ளால் வெளிச்சம் தெரிய வேண்டுமாம்.

பச்சைத் தொப்பி, நிறையப் பொக்கற் வைத்த பச்சை மேற்சட்டை. வரம்பில் மூன்று கால் ஸ்ராண்டை விரித்து லென்ஸைத் திருப்பினான். நாரைகள் எழும்பி அடுத்த வயலுக்குப் போயின. அவன் அங்கே போனான். அவை இங்கே வந்தன. இடையில் ஓர் ஐயா மண்வெட்டியைத் தோளில் போட்டு, இருமிக்கொண்டு நாரைகளுக்கு நடுவால் போனார். ஒன்றுகூட நிமிரவில்லை.

"பச்சை போட்டா மறைஞ்சிடலாமெண்டு சொன்னவங்களடா."

"நீ மறைஞ்சிட்டாய் மச்சான். அந்தப் பெரிய ஒற்றைக் கண்தான் வெளியில தெரியுது. நானே பயந்திட்டன்."

உழும்போது கிளம்பும் நத்தைக்காக நாரைகள் என் பின்னால் நடப்பது வழக்கம். ஆகவே என் பழைய சாரத்தை அவனுக்குக் கட்டிவிட்டு, லென்ஸை உரப்பையால் சுற்றி, ஆளைப் பின்சில்லுக்கு மேலுள்ள மட்காட்டில் ஏற்றினேன். இயந்திரம் போட்ட சத்தத்தில் என் பல்லே ஆடியது. நாரைகளோ கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன.

"எடடா!"

"ஏலாது. இவ்வளவு கிட்ட நிண்டா இந்த லென்ஸில தெளிவா விழாது. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

"சொன்னவுடன தள்ளி நிக்க அதுகள் என்ன பொம்பிளை மாப்பிள்ளையே? போன் கமராவால எடன்."

"போனால எடுத்ததை அனுப்பினா சிரிப்பாங்களடா."

ஆகவே தானே தள்ளிப் போக இறங்கினான். ஒரு கையில் சாரம், மறு கையில் லென்ஸ் பூட்டிய ஸ்ராண்ட், முழங்கால்வரை சேறு. நான் சும்மா இருக்காமல், கீறல் விழுந்த என் போனால் பக்கத்து நாரையை ஒரு படம் எடுத்தேன். தூரத்தில் அவன் ஸ்ராண்டை விரித்தான். எல்லாம் பறந்தன. பிறகு வரவேயில்லை.

பொழுதுபடும்வரை வரம்பில் குந்தியிருந்தான். எனக்கே பகிடி விட மனம் வரவில்லை.

வீட்டுக்குப் போய் என் படத்தைப் பார்த்தால், சொண்டின் இடைவெளிக்குள்ளால் வெளிச்சம் அப்படியே தெரிந்தது. அவனுக்கு அனுப்பி, "உன்ர பேரில குடடா, ஆருக்குத் தெரியப்போகுது" என்று கீழே எழுதினேன்.

பதில் வந்தது: "உன்ர பேரிலயே அனுப்படா, ஆனா என்ன லென்ஸ் எண்டு கேட்டா மட்டும் வாய் திறந்திடாதை."