இருபது கிலோவும் ஒரு நார்த்தங்காய் ஜாடியும்

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தபோது, பாஸ்போர்ட், விசா எல்லாவற்றையும்விட வீட்டில் பெரிய பேச்சாக இருந்தது அந்த இருபது கிலோதான். மதுரைத் தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்திருந்த ஏஜெண்ட், டிக்கெட்டில் ஒரு கட்டத்தைப் பேனாவால் சுழித்துக் காட்டி, இருபது கிலோ, அதற்கு மேல் ஒரு கிராம்கூட ஏற்ற மாட்டார்கள் என்றார். அதற்கு மேல் அவரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

எடை போடும் பொறுப்பை மச்சான் எடுத்துக்கொண்டார். அக்காவின் கணவர். கீழமாசி வீதிப் பக்கம் வத்தல் மண்டி வைத்திருந்தார். காலையில் கடை திறந்தால் சாயங்காலம் வரை தராசுக்குப் பக்கத்திலேயேதான் இருப்பார். எடை என்று வந்துவிட்டால் அவரிடம் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. நான் மட்டும் என்ன, வாயைத் திறந்தேனா?

மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. வத்தல் மூட்டை வந்தால் மூட்டையோடு நிறுப்பார்கள். சாக்கின் எடையைக் கழிப்பார்கள். மிச்சம்தான் சரக்கு. சாக்கையும் சரக்கோடு சேர்த்து எண்ணுகிறவனை அந்தத் தெருவில் வியாபாரி என்றே மதிக்க மாட்டார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் மச்சான் என் பெட்டியைக் காலியாகத் தராசில் வைத்தார். இரவல் வாங்கிய பெட்டி, உள்ளே இரும்புச் சட்டம் போட்டது. ஆறு கிலோ காட்டியது.

"பெட்டிக்கு ஆறு கழிவு. மொத்தம் இருபத்தாறு காட்டினாச் சரி, மாப்ள" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெட்டியையா நான் அங்கே போய்த் தின்னப்போகிறேன்?

வெளிநாட்டுக்கு ஒருவன் போகிறான் என்று தெரிந்தால் போதும், கொடுத்தனுப்ப ஆட்கள் வந்துவிடுவார்கள். கோச்சடையிலிருந்து ஒருவர் தம்பிக்கு லுங்கி, தைலம் என்று ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அடுத்த தெருக்காரர் ஒரு டின் நல்லெண்ணெய். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு நம் வீட்டிலிருந்தும் இப்படி யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டியிருக்குமே என்று அம்மா எல்லாவற்றையும் வாங்கி வைத்தாள்.

கடைசியாக ஒரு அம்மாள் வந்தார். ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அதுவரை எங்களுக்கு அவரைத் தெரியாது. யாரோ சொல்லி மண்டியைத் தேடிப்பிடித்து, அங்கிருந்து மச்சானோடு வீட்டுக்கு வந்தார். மடியில் ஒரு பீங்கான் ஜாடி. நார்த்தங்காய் ஊறுகாய். வாயை இறுகக் கட்டி, ஜாடி முழுக்க வெள்ளைத் துணி சுற்றித் தைத்து, துணிமேல் நீல மையில் மகனின் விலாசம். அந்த ஊர் வாத்தியார் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாராம். மகன் மஸ்கட்டில் ஏதோ கட்டடக் கம்பெனியில் இருந்தான். பத்து மாதமாகக் கடிதம் இல்லை. இங்கிருந்து போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை.

"ஊறுகாயக் குடுக்கப் போற மாதிரிப் போயி, அவன் மொகத்தப் பாத்துரு தம்பி. பாத்தேன்னு மண்டிக்கு ஒரு வரி எழுதிப் போடு. அம்புட்டுதான்."

நான் பெரிய மனுஷனாட்டம், போன முதல் வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஜாடி பெட்டிக்குள் போனது. மச்சான் கடைசியாக ஒருமுறை நிறுத்தார். சரியாக இருபத்தாறு.

திருவனந்தபுரத்தில் விமானம். மச்சானும் நானும் பஸ்ஸில் போய் இறங்கினோம். வழியனுப்ப வந்தவர்களை ஒரு கம்பித் தடுப்போடு நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் உள்ளே போய் வரிசையில் நின்று பெட்டியைத் தூக்கி எடைமேடையில் வைத்தேன். கவுண்டரில் இருந்தவர் பார்த்துவிட்டு, ஆறு கிலோ அதிகம், குறைத்துக்கொண்டு வா, இல்லையென்றால் பணம் கட்டு என்றார். ஒரு கிலோவுக்கு அவர் சொன்ன தொகையே என்னிடம் இல்லை.

பெட்டியின் எடையைக் கழிக்க வேண்டாமா என்று கேட்டேன். அவருக்கு முதலில் நான் சொல்வது விளங்கவில்லை. விளங்கியதும் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். தடுப்புக்கு அந்தப்பக்கம் மச்சானுக்கு விஷயம் எட்டிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், காலிப் பெட்டிய நிறுத்துப் பாருங்க சார், ஆறு இருக்கும்" என்று கத்தினார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஊரெல்லாம் தராசுக்கு மரியாதை வாங்கின மனுஷன், அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு முழித்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவரைப் பார்க்கவும் பொறுக்கவில்லை.

தரையில் குத்தவைத்துப் பெட்டியைத் திறந்தேன். பின்னால் நின்றவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். சீக்கிரம், சீக்கிரம் என்று ஒரு காவல்காரர் என் தலைமாட்டிலேயே நின்றார். முதலில் என் கை போனது அந்த ஜாடிக்குத்தான். அதுதான் கனம், மூன்று கிலோவுக்குக் குறையாது. இன்னொன்றும் உண்டு, மறைத்து என்ன ஆகப்போகிறது: அது என்னுடையது இல்லை. பிறகு எண்ணெய் டின்னையும் லுங்கிப் பொட்டலத்தையும் எடுத்தேன். அம்மா இடித்துக் கொடுத்த பருப்புப்பொடிமேல் கை வைக்கவில்லை. கைப்பையில் ஜாடியைத் திணித்துப் பார்த்தேன், வாய் மூடவில்லை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்க் கம்பிக்கு மேலாக மச்சான் கையில் கொடுத்தேன்.

"நல்லா நிறுத்தீங்க மச்சான்" என்றேன். போகும்போது நான் அவரிடம் சொன்னது அவ்வளவுதான். அவர் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

விமானம் கிளம்பி வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. விலாசம் ஜாடித் துணியில் இருந்தது. நான் தனியாகக் குறித்துக்கொள்ளவே இல்லை. கம்பெனி பெயரும் வாயில் நிற்கவில்லை. அடப்பாவி, ஒரு துண்டுச் சீட்டு, ஒரு நிமிஷம், அதைச் செய்திருக்கக் கூடாதா?

போய்ச் சேர்ந்த அன்றே மச்சானுக்கு எழுதினேன். அந்த விலாசத்தை மட்டும் பார்த்து எழுதி அனுப்புங்கள், ஜாடி இல்லாவிட்டாலும் ஆளைப் பார்த்துவிடுகிறேன் என்று. பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. திரும்பி வந்த பஸ்ஸில், திருநெல்வேலிக்கு முன்னாலேயே ஜாடி உருண்டு விரிசல் விட்டுவிட்டதாம். உப்புத்தண்ணி முழுக்கத் துணியில் இறங்கி மை கரைந்துவிட்டதாம். ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லையாம். நாற்றம் தாங்காமல் கண்டக்டர் சத்தம் போட, பஸ் ஸ்டாண்டிலேயே எறிந்துவிட்டாராம். கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது:

"அந்தம்மா வந்துச்சு மாப்ள. என் கணக்குத் தப்புல போச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீ கொண்டு போயிட்டன்னு சொல்லிட்டேன். போன வாரம் மறுபடி வந்துச்சு. குடுத்துட்டன்னும் சொல்லிட்டேன். இனிமே நான் எப்படி வெலாசம் கேப்பேன்?"

அந்தக் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். கொஞ்ச நேரத்தில் நானே போய் எடுத்து நீவி வைத்துக்கொண்டேன். அவரைத் திட்டி எழுதலாம். திட்டி என்ன செய்ய? அம்மாளுக்கு நேராக எழுதலாம் என்றால், ஊர் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் நம் ஆட்கள் கூடும் இடங்களில் போய் நின்றேன். மதுரைப் பக்கம், ஒத்தக்கடை, கட்டடக் கம்பெனி என்று விசாரித்தேன். பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். அந்தப் பெயரில் நாலு பேரைக் காட்டினார்கள். நாலு பேரும் வேறு ஊர். ஒரு வருஷம் இப்படித் தேடினேன். பிறகு விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து விடுமுறைக்கு வந்தேன். மூன்றாம் நாள் காலையில் மண்டியில் மச்சானோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பேச்சை நாங்கள் இரண்டு பேருமே எடுக்கவில்லை. அப்போது அந்த அம்மாள் வந்தார். நான் வந்திருப்பது எப்படித்தான் காதுக்கு எட்டியதோ. ஆள் ரொம்ப இளைத்திருந்தார். நான் எழுந்து நின்றேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். சத்தியமாக அப்படித்தான் எழுந்தேன்.

நல்லா இருக்கானா, ஏன் கடிதாசி போடல என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"உப்பு சரியா இருந்துச்சுன்னானா தம்பி?"

மச்சான் குனிந்து ஒரு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருந்துச்சுன்னாம்மா" என்றேன்.

அந்த அம்மாள் அப்படியே வத்தல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

"அப்ப உசுரோடதான் இருக்கான்" என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஆமாம் என்று சொல்லவும் எனக்கு என்ன தெரியும்?

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒயர் கூடையிலிருந்து இன்னொரு ஜாடியை எடுத்தார். அதே மாதிரி வெள்ளைத் துணி, அதே விலாசம், நீல மை. நான் மறுபடி எப்போது போகிறேன் என்று கேட்டார். கனமாக இருந்தால் கொஞ்சம் குறைத்துத் தருவதாகவும் சொன்னார். எடை பார்க்கச் சொல்லி மச்சானிடம் நீட்டினார்.

மச்சான் அதை வாங்கித் தராசில் வைத்தார். எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"ஜாடியோட சேத்து ரெண்டே முக்கால்" என்றார்.