வெள்ளிக்கிழமை துடைத்த கம்ப்யூட்டர்

சந்தேகம் என் கூடப் பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். தயிர் பாக்கெட்டைக் கடைக்காரர் முன்னாலேயே தேதி பார்த்துத்தான் வாங்குவேன். இப்படிப்பட்டவளிடம்தான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலைக்கு அங்கே அப்படித்தான் பெயர்) முதலாளி, லாரி லோடுகளைப் பதிவு செய்ய ஒரு வெப் அப்ளிகேஷன் கேட்டார். ஜாவாவில் எழுதினேன். இரவும் பகலும் அணைக்காமல் ஓடும் அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே, கண்டெய்னர் என்னும் மென்பொருள் பெட்டிக்குள் இயங்கும் அப்ளிகேஷன் சர்வரில் ஏற்றினேன்.

ஒரு பிழை இருந்தது. 'சேமி' பொத்தானை இரண்டு தடவை தட்டினால் ஒரே லோடு இரண்டாகப் பதிவாகிவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை அதைச் சரிசெய்து, அவசரத்தில் புதுக் கோப்பை ஓடிக்கொண்டிருந்த கண்டெய்னருக்குள்ளேயே போட்டுவிட்டு வந்தேன். வெள்ளி வரை ஒழுங்காக ஓடியது. சனிக்கிழமை காலை முதலாளி போனில் கத்தினார். பிழை பழையபடி வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி போட்டேன். அடுத்த சனிக்கிழமையும் அதே கதை.

கம்ப்யூட்டர் இருந்த அறையின் சாவி ஒரே ஆளிடம்தான் இருந்தது. பசுவந்தனையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஆபரேட்டர். வருஷக்கணக்காக லோடு விவரத்தை நோட்டில் எழுதிவந்தவர். நான் வந்த பிறகு அந்த நோட்டுக்கு வேலை இல்லை. எனக்கு இது போதாதா? பழைய கோப்பை எடுத்துப் போட்டு என் பெயரைக் கெடுக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

நேரில் போய், வெள்ளிக்கிழமை இந்த அறையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சாமி கும்பிடுததுக்கு முன்னால எல்லா மிஷினையும் தொடச்சுப் பொட்டு வைப்போம் மேடம். இதையும் ஆஃப் பண்ணித் தொடச்சேன். கரண்ட் இருக்கையில ஈரத்துணிய வைக்க முடியுமா? இது தீப்பெட்டி ஆபீஸ்லா."

அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் மனதில் நின்றது. நேராக முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அன்றைக்கே அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஆபரேட்டரைப் பேக்கிங் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது, அதை ஒளிப்பானேன்.

அந்த வெள்ளிக்கிழமை முதலாளியே அறையைத் திறந்து, துடைத்து, பொட்டு வைத்தார். சனிக்கிழமை பிழை மறுபடி வந்தது.

அரை மணி நேரம் முதலாளியையும் சந்தேகப்பட்டேன். பிறகுதான், சந்தேகப்பட வேறு ஆள் இல்லாமல், என் கோப்புகளைத் திறந்தேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் பழைய கண்டெய்னரை அழித்துவிட்டு, இமேஜிலிருந்து புதிதாக ஒன்றை எழுப்பும்படி எழுதியிருந்தது. எழுதியது நான். இமேஜ் என்பது கொழுக்கட்டை அச்சு மாதிரி. கண்டெய்னர் அதில் பிடித்த கொழுக்கட்டை. அச்சைத் திருத்தாமல் வாராவாரம் கொழுக்கட்டையைத் திருத்திவிட்டு, அதை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று ஊரைக் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

இமேஜைப் புதிதாகக் கட்டி ஏற்றிவிட்டு, முதலாளி முன்னால் போய் நின்றேன். "தப்பு என்னோடது அண்ணாச்சி. அவர் மேல ஒண்ணுமில்ல."

"அவியளக் கூப்பிடுங்க," என்றார் வெளியே பார்த்து. கையில் ஒட்டிய பசையைத் துடைத்தபடி வந்த ஆபரேட்டரிடம் சாவியை நீட்டச் சொல்லி என்னிடமே கொடுத்தார். நீட்டினேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவர் வாங்கவில்லை. இந்த முறை என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். அங்கன நாளைக்கு இன்னொண்ணு கெட்டுப் போனா, மொதல்ல என்னயத்தான பாப்பீங்க."

சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் நான்தான் போய் ஆஃப் செய்து, துடைத்து, பொட்டு வைக்கிறேன். பிழை திரும்பி வரவில்லை. அவரும் அந்த அறைக்குத் திரும்பி வரவில்லை.